துயரைக் கடந்தவர் துணையாளராதல்: மீரியபெத்த முதல் பதுளைச் சிறைவாசல் வரை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள மீரியபெத்த தோட்டப் பிரிவின் மீது மலை சரிந்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பிவர லயமும் இல்லை, லயத்தில் காத்திருக்கப் பெற்றோரும் இல்லை. காணாமற்போனோர் தொகை முதலில் இருநூறை நெருங்குவதாகச் சொல்லப்பட்டது. இறந்தோரும் காணாமற்போனோருமாக 37 பேர் என்ற கணக்கு பின்னர்தான் வந்தது. அந்த மலைச்சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போகச் சொன்னவர்கள் போவதற்கு இடம் கொடுக்கவில்லை.

தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பிறகு மாகல்தெனிய பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கவைக்கப்பட்டனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் பின், 2016 ஒக்டோபரில், மாகல்தெனியவிலேயே 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அரச கோவைகளைப் பொறுத்தவரை மீள்குடியேற்றம் அத்துடன் நிறைவுற்றது. இக்கட்டுரை அந்தப் புள்ளியிலிருந்தே தொடங்குகிறது. வீடிழந்தவரும் சிறையிலிருந்து திரும்பியவரும் மறுபடி வாழத் தொடங்குவதற்கு, அதே இழப்பைக் கடந்துவந்த ஒருவரின் துணை வேண்டும். அந்தத் துணையைச் சம்பளமும் பயிற்சியும் உள்ள பதவியாக ஊவாவில் உருவாக்க வேண்டும் என்பதே இதன் வாதம்.

வீடிழப்பையும் சிறையையும் ஒன்றாக வைத்துப் பேசுவதற்குத் தோட்ட வரலாறே காரணம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின் கீழ், தோட்டத் துரையிடம் சொல்லாமல் வேலையை விட்டுப் போன தொழிலாளி சிறைக்கு அனுப்பப்படலாம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறக் கடன் விவரம் எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்த முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. லயக்காம்பிரா வேலைக்குக் கட்டுப்பட்டிருந்தது, வேலை கடனுக்கு, கடன் சட்டத்துக்கு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எனவே மீரியபெத்தவில் புதையுண்டது பரம்பரை பரம்பரையாக வாழ்ந்தும் யாரும் தமதென்று உரிமை கோர முடியாத கூரை. தன்னுடையதாக எழுதித் தரப்படாத ஒன்றை இழந்தவர், இழந்தேன் என்று எந்த மேசையில் போய்ச் சொல்வது? நட்டஈட்டு விண்ணப்பங்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை.

சிறை இன்றும் தொலைவில் இல்லை. இலங்கையில் தண்டனை பெற்றுச் சிறை செல்வோரில் பெரும்பகுதியினர் அபராதம் கட்ட இயலாமல் போகிறவர்கள் என்பதைச் சிறைச்சாலைகள் திணைக்களத்தின் புள்ளிவிவரங்களே ஆண்டுதோறும் காட்டுகின்றன. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் சிறைக்குப் பதிலாக வெளியிலேயே சீர்திருந்த வழிசெய்கிறது. ஆனால் கசிப்பு வழக்கில் அகப்பட்டுப் பதுளைச் சிறையிலிருந்து வரும் ஒரு தோட்டத்து இளைஞனைப் பேருந்து நிலையத்தில் எதிர்கொள்ள யார் இருக்கிறார்கள்? வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் அவன் பேரை மறுபடி எழுதுவார்களா என்பது அவனுக்குத் தெரியாது. லயத்தில் அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்பது நன்றாகத் தெரியும்.

புனர்வாழ்வு என்ற சொல்லே இந்த மலைகளில் காயம்பட்டது. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு நிலையத்தில் 2000 ஒக்டோபர் 25 அன்று ஒரு கும்பல் உட்புகுந்து தமிழ்க் கைதிகள் 27 பேரைக் கொன்றது. பொலிஸார் அங்கேயே இருந்தனர். 2003இல் தண்டிக்கப்பட்டவர்களில் எஞ்சியிருந்தோரையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அக்கொலைகளுக்குப் பல காரணங்கள் உண்டு. பொறுப்பு கொன்றவர்களுடையதும் காக்கத் தவறியவர்களுடையதும். நம் பொருளுக்கு வேண்டிய பாடம் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். உள்ளே இருப்பவர்களையும் வெளியே இருப்பவர்களையும் ஒருசேர அறிந்த, இரு பக்கமும் பேசக்கூடிய மனிதர் எவரும் இல்லாத இடத்தில் புனர்வாழ்வு என்பது வேலி போட்ட ஒரு கட்டடம் மட்டுமே.

அந்த மனிதரைத்தான் உலகின் பிற இடங்களில் சகதுணையாளர் என்று பணியமர்த்துகிறார்கள். இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனையில் நோயாளியாக இருந்து மேற்பார்வையாளரான ழான் பப்திஸ்த் புசேன், குணமடைந்தவர்களையே ஊழியர்களாக எடுத்துக்கொண்டார். சென்னையில் வீடற்ற, மனநோயுற்ற பெண்களுக்காக 1993இல் தொடங்கப்பட்ட ‘தி பேனியன்’, நீண்டகாலம் நிறுவனத்துக்குள் இருந்த பெண்களை ஊருக்குள் சாதாரண வீடுகளில் சிறு குழுக்களாகக் குடியமர்த்தியது. ஒரே இழப்பைச் சுமந்தவர்கள் ஒருவரோடொருவர் வாழ்ந்து மீளலாம் என்பதற்கு அது நம் மொழியிலேயே கிடைத்த சான்று.

தோட்டத்துக்கும் இது அந்நியமில்லை. சாவு வீட்டுக்கு முதலில் ஓடிவருவது மரண உதவிச் சங்கம். தோட்டத் தலைவரும் மாதர் சங்கமும் கோயில் கமிட்டியும் பிறகு வருவார்கள். ஆனால் இவை மூன்று நாள், பதினாறு நாள், கருமாதி வரைக்குமான துணைகள். அதற்குப் பிந்திய நீண்ட வேலையை யாரும் ஏற்பதில்லை. உடல் கிடைக்காதவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டும்; அதை வைத்து ஊழியர் சேமலாப நிதியைக் கோர வேண்டும்; மண்ணோடு போன அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் மறுபடி பெற வேண்டும். மழை இரண்டு நாள் தொடர்ந்து பெய்தால் இரவில் உறங்காத ஒரு தாயோடு விழித்திருக்கவும் வேண்டும். பட்டம் பெற்ற உளவளத்துணை உத்தியோகத்தரின் பணியை நான் குறைத்து மதிக்கவில்லை. கடுமையான மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் அவரிடமும் மருத்துவரிடமும்தான் கொண்டுபோக வேண்டும். ஆனால் கொண்டுபோவதற்கு முன் அந்தத் தாய் வாய் திறக்க வேண்டுமே. எந்தப் பாடநெறியும் தராத தகுதி ஒன்று அங்கே தேவைப்படுகிறது: எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று பொய்யில்லாமல் சொல்லக்கூடிய தகுதி.

எதிர்வாதங்களில் இரண்டு கனமானவை. பிறர் துயரைக் கேட்பவரின் சொந்தக் காயம் திறந்துகொள்ளும் என்பது முதலாவது. அது உண்மை. ஆகவே பயிற்சியும், முறையான மேற்பார்வையும், வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் உரிமையும் பதவியோடு சேர்ந்தே வரவேண்டும். இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது: இது ஏற்கெனவே கொழுந்தும் பறித்து வீட்டையும் சுமக்கும் பெண்களின் தலையில் இன்னொரு கூலியில்லா வேலையை ஏற்றுவதாக முடியும். 2021இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் பெறுவதற்கே நீண்ட போராட்டம் தேவைப்பட்ட சமூகம் இது. ஒருநாள் மலைக்குப் போகாமல் அயல்வீட்டுக்காரியோடு கச்சேரிக்குப் போனால் அன்றைய பேரும் கூலியும் போய்விடும். அனுபவத்தைப் புகழ்ந்துவிட்டு அந்த ஒருநாள் கூலியைக் கொடுக்க மறுக்கும் எந்தத் திட்டமும் சுரண்டலே. தொழிற்சங்கச் சார்பும் சாதியும் நியமனத்தில் நுழையும் என்பதையும் தோட்டத்தை அறிந்தவர்கள் மறுக்கமாட்டார்கள். தெரிவு, அங்கு வாழ்பவர்களின் திறந்த கூட்டத்தில் நடக்க வேண்டும்.

2023 மார்ச்சில் அதே மாவட்டத்தின் பூனாகலை கபரகலையில் மறுபடி மண் சரிந்தது. வீடிழந்தவர்கள் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டது மாகல்தெனிய தொழிற்சாலைக்கே. அக்கட்டடத்தில் வாழ்வதென்றால் என்ன, எந்த அலுவலகம் எப்போது கதவைத் திறக்கும், பிள்ளைகள் எத்தனை மாதம் படிப்பில் பின்தங்குவார்கள் என்பதையெல்லாம் பட்டறிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். அந்த அறிவைப் பதவியாக்கி, சம்பளம் கொடுத்து, முறையாகப் பயன்படுத்தும் ஏற்பாடு ஏன் காத்திருக்கவில்லை? எட்டு ஆண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தின் மலைகள் மீண்டும் பலி கொண்டன. வீடிழந்த குடும்பங்களின் வரிசை இன்னும் நீண்டுவிட்டது.

ஊவா மாகாண சபை நிர்வாகமும் பெருந்தோட்ட வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சும் சிறைச்சாலைகள் திணைக்களமும் சேர்ந்து, ஹல்துமுல்லைப் பிரதேச செயலகத்திலும் பதுளைச் சிறைச்சாலையிலும் தமிழில் பணியாற்றும் சகதுணையாளர்களை நிரந்தரச் சம்பளத்தில் நியமிக்க வேண்டும். முதல் நியமனங்களை மாகல்தெனியவின் 75 வீடுகளிலிருந்தும், தண்டனை முடிந்து தோட்டத்துக்குத் திரும்பி நிலைகொண்டவர்களிடமிருந்தும் தொடங்கலாம்.