வாசற்காவலும் வழக்குமன்றமும்: கிறித்தவ மரபில் இருதயக் காவலின் வரலாறு

இருதயத்தைக் காத்துக்கொள்ளச் சொல்கிறது நீதிமொழிகள் 4:23. அங்கு வரும் ‘லேப்’ என்ற எபிரேயச் சொல் உணர்ச்சியின் இருப்பிடத்தை மட்டும் குறிப்பதன்று. சிந்திப்பதும் தீர்மானிப்பதும் எபிரேயருக்கு இருதயத்தில்தான். பிலிப்பியர் 4:7இல் பவுல் ஆளும் கிரேக்க வினையோ நகரத்துக்குக் காவற்படை நிறுத்துவதைச் சொல்வது. காவல் வேண்டும் என்பதில் கிறித்தவ மரபுக்குள் கருத்து வேறுபாடு எழுந்ததில்லை. காவலாளி எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் காலப்போக்கில் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது.

இருதயக் காவலை முதலில் ஒரு கலையாக வகுத்து எழுதியவர் பொந்து நாட்டு எவாக்ரியுஸ். கான்ஸ்தாந்திநோபிளில் புகழ்பெற்ற திருத்தொண்டராக இருந்தவர், மணமான ஒரு பெண்மேல் கொண்ட காதலிலிருந்து தப்ப எருசலேமுக்கு ஓடினார். பின்னர் எகிப்தின் நித்ரியாவிலும் கெல்லியாவிலும் வாழ்ந்து 399இல் இறந்தார். பாலைவனத்தில் நாடக அரங்கு இல்லை, சந்தை இல்லை. எனினும் கண்ணுக்கு எட்டாதவை நெஞ்சுக்குள் வந்துகொண்டேதான் இருந்தன. உலகத்தாரைப் பொருள்கள் வழியாகத் தாக்கும் தீய ஆவிகள் துறவிகளை எண்ணங்கள் வழியாகத் தாக்குகின்றன என்று அவர் எழுதியது இந்த அனுபவத்திலிருந்துதான். கேடு வெளியிலிருந்து மட்டுமே வருகிறது, கதவைச் சாத்தினால் போதும் என்று நம்புவோர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், கோபம், ‘அசீடியா’ எனும் மனச்சலிப்பு, வீண்புகழ், செருக்கு என எண்ணங்களை எட்டாக வகுத்தார். இவற்றை அவர் பாவங்கள் என்று சொல்லவில்லை. ‘லோகிஸ்மோய்’, அதாவது எண்ணங்கள், என்றே சொன்னார். எண்ணம் வருவது நம் கையில் இல்லை. அதைத் தங்க விடுவதும் விடாததும் நம் கையில் என்பதே அவருடைய போதனையின் உயிர்நாடி. காவலாளி வாசலில் நிற்கிறான். வருபவன் யார் என்று விசாரித்த பிறகே உள்ளே விடுகிறான்.

அசீடியாவை அவர் வரைந்திருக்கும் விதம் இன்றும் வியப்பளிக்கிறது. காலை பத்து மணியளவில் அது வருகிறது. சூரியன் நகர மறுப்பதாகத் தோன்றுகிறது. பகல் ஐம்பது மணி நேரமாக நீள்கிறது. துறவி அடிக்கடி வெளியே எட்டிப் பார்க்கிறான். தன் இடத்தையும் வேலையையும் வெறுக்கிறான். இவ்வளவு நுட்பமாகத் தன்னையே கவனித்தவர்கள் அக்காலத்தில் அரிது.

இந்தப் போதனையை மேற்குக்குக் கொண்டுசென்றவர் யோவான் கசியான். மார்சேயில் குடியேறி லத்தீனில் எழுதிய அவர், மனத்தை நீராலையோடு ஒப்பிடும் உவமையை மோசே என்ற எகிப்தியத் துறவியின் வாக்காகத் தருகிறார். நீர் பாயும்வரை ஆலைக்கல் சுழன்றே தீரும். கோதுமையை இடுவதா களையை இடுவதா என்பது மட்டும் ஆலைக்காரன் கையில்.

திருப்பம் 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது. யோபு நூலுக்கு எழுதிய விளக்கவுரையில் திருத்தந்தை முதலாம் கிரகோரி எவாக்ரியுஸின் பட்டியலை மாற்றி அமைத்தார். செருக்கை அனைத்துக்கும் வேராகத் தனியே வைத்தார், பொறாமையைச் சேர்த்தார், சலிப்பைத் துயரத்துக்குள் அடக்கினார். எட்டு ஏழாயிற்று. பிற்காலப் பட்டியல்களில் அசீடியா சோம்பலாகத் திரும்பியது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்வதைக் கடமையாக்கியபோது, ஏழு என்ற கணக்கு செய்து முடித்ததை நினைவுகூர உதவும் வாய்பாடாகப் பயன்பட்டது. வாசலில் நின்ற காவலாளி வழக்குமன்றத்துச் சாட்சியானான். எளிய மக்களுக்கு மனச்சாட்சியைச் சோதிக்கும் பழக்கத்தைத் தந்தது இந்த மாற்றத்தின் பெரும் நன்மை. ஆனாலும் எண்ணத்துக்கும் செயலுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு இடைவெளி மறைந்துபோனது பேரிழப்பு.

கிழக்கில் அந்த இடைவெளி மறையவில்லை. விழித்திருத்தல் எனும் பொருளில் ‘நேப்சிஸ்’ என்று அழைக்கப்பட்ட அந்தப் பயிற்சியின் நூல்கள் 1782இல் வெனிசில் ‘பிலோகாலியா’ என்ற தொகுப்பாக அச்சேறின. ஒரிஜன் கோட்பாட்டுச் சர்ச்சையில் கண்டனத்துக்கு உள்ளான எவாக்ரியுஸின் மன்றாட்டு நூல், நீலுஸ் என்ற வேறொருவர் பெயரில் அதில் இடம்பெற்றது. மேற்கில் லொயோலா இஞ்ஞாசியார் அந்த விழிப்பை ஓரளவு மீட்டார். கோட்டையைச் சுற்றிவந்து பலவீனமான பக்கத்தைத் தேடும் படைத்தலைவனைப் போன்றவன் எதிரி என்றார் அவர். நாள்தோறும் தன்னைச் சோதித்துக் குறித்துவைக்கும் முறையையும் வகுத்தார்.

தமிழுக்கு இந்த மரபு வந்ததும் இஞ்ஞாசியாரின் சபையார் வழியாகத்தான். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்க’த்தை அச்சிட்ட அண்டிரிக் அடிகளார், பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்தும் ‘கொம்பெசியோனாயரு’ நூலை 1580இல் கொச்சியில் வெளியிட்டார். தமிழ் அச்சின் தொடக்க நூல்களிலேயே தன்னாய்வுக்கு ஒன்று அமைந்தது சிறிய செய்தி அன்று.

ஆனால் தமிழ்க் கத்தோலிக்கப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ‘தலையான பாவங்கள் ஏழு’ என்பதில் கடைசியாக வரும் ‘சோம்பல்’ அசீடியாவின் முழுப்பொருளைத் தாங்கவில்லை. சலிப்புற்ற துறவிக்கு நோயாளிகளைப் பார்க்கப் போக வேண்டும், ஆதரவற்றோருக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணங்களே தப்பிக்கும் வழியாகத் தோன்றும் என்று கசியான் எச்சரித்திருக்கிறார். அவன் ஓய்வின்றி ஓடுகிறவனாகவும் இருக்கலாம். மறைக்கல்வி கற்பிப்போர் அந்த ஏழையும் சொல்லிக்கொடுங்கள். அவை பாவங்களாகும் முன் எண்ணங்களாக வாசலில் வந்து நின்றவை என்பதையும் கூடவே சொல்லிக்கொடுங்கள்.