காளி பார்க்கக் கட்டிய மாடம்

வெட்டவெளியில் நிழலால் கதை சொல்ல நிரந்தரமாக ஓர் இடம் எப்படி அமைப்பது? நாடகங்களுக்கு விளக்கு போடுகிறவன் நான். எனக்குத் தெரிந்து இதற்கு நல்ல விடை, பாலக்காட்டுப் பக்கத்துக் கூத்துமாடம்தான். பகவதி கோயில் வளாகத்தில், அம்மனைப் பார்த்தபடி நீளவாக்கில் நிற்கும். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் பத்ரகாளிக்கு ராம-ராவண யுத்தத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையாம். அவளுக்காகவே இந்தத் தோல்பாவைக் கூத்து.

திரையில் மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்பு. பின்னால் வரிசையாக 21 விளக்குகள். எல்லாம் தேங்காய் மூடியில் எண்ணெயும் திரியும் இட்டவை. மின்விளக்கு வைத்தால் நிழல் விறைத்துப்போகும். இங்கே சுடர் அசைய அசைய, சும்மா நிற்கிற பாவையும் மூச்சு விடுகிறது. பாவைகளை முன்பு மான்தோலில் துளையிட்டுச் செய்தார்கள். ஆடாதவற்றை முள்ளால் திரையில் குத்தி நிறுத்திவிடுவார்கள். போர்க்களம் வந்தால் பந்தத்தில் குங்கிலியப் பொடியை வீச, குப்பென்று தீ கிளம்பும்.

பாடுவது கம்பனை. மலையாள நாக்கில் தமிழ் விருத்தம்! ஒரு பாட்டுக்கு உரை சொல்லத் தொடங்கினால் லேசில் முடியாது. சில கோயில்களில் கூத்து 21 இரவு நீளும். எதிரே ஆளே இல்லாவிட்டாலும் நிறுத்தமாட்டார்கள். நம்மூர்க் கம்பன் விழாக்காரர்கள் ஒரு ராத்திரி போய் உட்காரலாம்.

கூனத்தறை ஊர்க் கூத்துக் கலைஞர் கிருஷ்ணன்குட்டிப் புலவர் இந்தக் கூத்தைக் கோயிலுக்கு வெளியேயும் கொண்டுபோனார். அவர் மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வெளிமேடையில் ராமாயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இப்போது பெண்களும் பாவை பிடிக்கிறார்கள்.