குன்னூர் எலிகளும் குப்பத்துக் கைகளும்

புதுச்சேரிக் கடற்கரையோரம் வடக்கே போனால் குருசுக்குப்பத்தை அடுத்து வருவது வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று மயிலம் முருகனும் சுற்றுவட்டாரத்துச் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வந்து சேரும் கரை அது. மற்ற நாள்களில் மீனவர்களின் பிழைப்புக் களம். கட்டுமரத்தில் போனாலும் பைபர் படகில் போனாலும் இந்தத் தொழிலுக்கு முதல் கைதான். நனைந்து கனத்த வலையை விரல்கள் விடாமல் பற்றி இழுக்க வேண்டும். கயிறு அறுத்து அறுத்து உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும். அறுபதைத் தாண்டியதும் அந்தப் பிடி தளரத் தொடங்குகிறது. "கை ஓஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டுக் கரையில் வலையின் கிழிசலைப் பின்ன உட்கார்ந்துவிடுகிறார்கள். மீன் விற்கப் போகும் பெண்களுக்கோ அன்னக்கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

முதுமையில் சதை வற்றுவதும் வலு குறைவதும் ஊர் அறிந்த விஷயம். மருத்துவம் அதைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கியது மிகவும் தாமதமாகத்தான். அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் 1989இல் அதற்குச் சார்க்கோபீனியா என்று பெயரிட்டார். அமெரிக்காவின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனிக் குறியீடு கிடைக்க 2016 ஆயிற்று. ஆசிய நாடுகளின் மருத்துவர் குழு 2019இல் வகுத்த அளவுகோலின்படி, கையால் அழுத்திப் பார்க்கும் டைனமோமீட்டரில் ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே காட்டினால் வலு குறைந்திருக்கிறது என்று பொருள். ஆக, நோயை முதலில் காட்டிக்கொடுப்பதும் கைப்பிடிதான்.

ஸ்வீடனின் யான் லெக்செல் குழு 1988இல் வெளியிட்ட ஆய்வு இந்த இழப்பின் அளவைக் காட்டியது. இறந்துபோன, 15 முதல் 83 வயது வரையிலான 43 ஆண்களின் தொடைத் தசையை அவர்கள் குறுக்காக வெட்டி நார்களை எண்ணினார்கள். இருபது வயதுக்கும் எண்பது வயதுக்கும் இடையே தசையின் பரப்பில் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் இறந்தவரின் தசை காரணத்தைச் சொல்லாது. வயதா, உணவா, உழைப்பு நின்றதா, நரம்பு தளர்ந்ததா என்று பிரித்தறிய ஒரே மனிதரை எழுபது ஆண்டுகள் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் பிறந்து வளர்ந்து மூப்படைந்துவிடும் எலியின் பக்கம் ஆய்வாளர்கள் திரும்பியது இதனால்தான். இந்த வழக்கத்தின் வரலாற்றில் பிரெஞ்சு உலகத்துக்கும் நீலகிரிக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

பிரெஞ்சுக் கதை 1889இல் பாரிஸில் நடந்தது. அதன் நாயகர் சார்ல் எடுவார் பிரவுன்-செக்கார் 1817இல் மொரீஷியஸின் போர்ட் லூயியில் பிறந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அந்த நகரத்தை எழுப்பியபோது புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். அவர்கள் வேலை செய்த ஊரில் பிறந்த இந்தப் பிள்ளை, பிற்காலத்தில் முதுகுத்தண்டு ஆய்வில் பெரும்பெயர் எடுத்து, கிளோத் பெர்னாருக்குப் பிறகு கொலேஜ் த பிரான்ஸின் பேராசிரியர் நாற்காலியில் அமர்ந்தார்.

72 வயதில் அவர் தம் உடலையே சோதனைக்கூடம் ஆக்கினார். நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விதைப்பையிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார். 1889 ஜூன் 1 அன்று பாரிஸ் உயிரியல் கழகத்தில் எழுந்து, தம் முன்கையின் வலு கூடிவிட்டது என்று அறிவித்தார். அதற்கு ஆதாரமாக அவர் காட்டியது டைனமோமீட்டர் கணக்கு: முன்பைவிட ஆறேழு கிலோ அதிகம். செய்தி பரவியது, சாற்றை விற்கவும் ஆள்கள் கிளம்பினார்கள். 2002இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவர் சொன்ன முறையிலேயே நாயின் விதைப்பையிலிருந்து சாறு எடுத்துப் பார்த்தார்கள். அதில் இருந்த டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உடலில் எந்த மாற்றத்தையும் உண்டாக்கப் போதாது என்று தெரிந்தது. கிழவரின் கைக்கு வலு கொடுத்தது அவருடைய நம்பிக்கைதான். ஆனாலும் முதுமையின் தளர்ச்சியை எண்ணால் அளக்க முடியும், அதற்கு விடை விலங்கின் உடலில் கிடைக்கலாம் என்ற இரண்டு எண்ணங்களும் அன்று அந்த அறையில் ஒன்றாக வைக்கப்பட்டன.

அதே காலத்தில் டச்சுக்காரர்கள் ஆண்ட பட்டேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்டியான் எய்க்மான் கால் தளர்ந்து விழும் கோழிகளைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தார். ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு அந்தக் கோழிகளுக்குத் தீனியாகப் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றைச் சாதாரணக் கோழிகளுக்குத் தர மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். மலிவான தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன. உமியை அடுத்த தவிட்டில் என்னவோ இருக்கிறது என்ற அந்தக் கண்டுபிடிப்பு வைட்டமின் ஆய்வுக்கு வழி திறந்து, 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசையும் தேடித்தந்தது.

சோறு தின்னும் நாடுகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. வடக்கே ஆந்திரக் கடற்கரையில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களை, அந்தக் கோழிகளைப் போலவே காலைத் தளர்த்தும் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அவ்வளவாக இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இதை ஆராயத்தான் 1918இல் நீலகிரியிலுள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் பெரிபெரி விசாரணைப் பிரிவு தொடங்கப்பட்டது. வெறிநாய்க் கடிக்கு மருந்து தருவதற்காக 1907இல் ஏற்பட்ட நிறுவனம் அது. பிரிவின் தலைவர் ராபர்ட் மெக்கரிசன், அயர்லாந்தில் பிறந்த ராணுவ மருத்துவர். அதற்கு முன் கில்கித்தில் கழலை நோயை ஆராய்ந்தவர். ஒற்றை அறையில் தொடங்கிய பிரிவு பத்து ஆண்டுகளில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. புறா, குரங்கு, கினிப் பன்றி என்று பலவற்றையும் வைத்துப் பார்த்தவர், கடைசியில் வெள்ளெலியில் நிலைத்தார்.

அவரது புகழ்பெற்ற சோதனை எளிமையானது. ஒரே வம்சத்து இளம் எலிகளைப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒரு பகுதி மக்கள் உண்ணும் உணவைப் போட்டார். சீக்கியர் உணவில் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய், வாரத்தில் ஒருநாள் இறைச்சி. 'மதராசி' உணவில் தீட்டிக் கழுவிய அரிசிச் சோறு, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய், எண்ணெய், மசாலா. சில மாதங்கள் கழித்து எடைபோட்டபோது சீக்கியர் உணவு உண்டவை சராசரி 235 கிராமோடு முதலில் நின்றன. பட்டாணியர், மராத்தியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி என்று வரிசை இறங்கி, கடைசியில் மதராசி எலிகள் 155 கிராமோடு நின்றன.

ஆங்கிலேய ஆட்சி அன்று 'வீர இனங்கள்' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. பஞ்சாபியும் பட்டாணியும் பிறவியிலேயே வலுத்தவர்கள், தென்னாட்டார் பிறவியிலேயே மெலிந்தவர்கள் என்று சொல்லித்தான் படைக்கு ஆள் எடுத்தார்கள். மெக்கரிசனும் அந்தக் காலத்து மனிதர். இனங்களின் வீரம் பற்றிய பேச்சு அவர் எழுத்திலும் உண்டு. ஆனால் அவருடைய கூண்டுகளில் இருந்த எலிகள் எல்லாம் ஒரே குடும்பம். மாறியது தட்டு மட்டுமே. பிறப்பில் இல்லை வலு, சாப்பாட்டில் இருக்கிறது என்று அந்த எலிகள் காட்டிவிட்டன. இந்திய அறிவியல் வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இங்கிலாந்து ஏழைத் தொழிலாளியின் உணவையும் அவர் விடவில்லை: வெள்ளை ரொட்டி, மார்கரின், டின் இறைச்சி, ஜாம், சர்க்கரை போட்ட தேநீர். அதை உண்ட எலிகள் வளர்ச்சி குன்றி, எரிச்சல் கொண்டு, பராமரிப்பவர்களைக் கடித்தன. 60ஆம் நாள் வாக்கில் தங்களுள் நோஞ்சானைக் கொன்று தின்னத் தொடங்கின. 1936இல் லண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இதையெல்லாம் அவர் சபையோர் முன் வைத்தார்.

இந்திய உணவுகளை வைத்து நடத்திய அந்தச் சோதனையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. 'மதராசி' என்ற ஒரே சொல்லில் தஞ்சாவூர் மிராசுதாரரும் கோயம்புத்தூரில் கம்பங்கூழ் குடித்த உழவரும் கடலோர மீனவரும் அடைக்கப்பட்டார்கள். வைத்திக்குப்பம் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆனால் கடற்கரைக்குத் தெரியுமா எல்லைக்கோடு? நெத்திலியும் மத்தியும் காரப்பொடியும் குழம்பாகும் வீட்டுச் சாப்பாடு சென்னையிலும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒன்றுதான். அந்தத் தட்டு குன்னூர்க் கூண்டுக்குள் போகவே இல்லை.

மற்றொன்று வயது. எலியின் இரண்டு ஆண்டு மனிதரின் ஐம்பதுக்குச் சமம் என்று மெக்கரிசன் கணக்கிட்டார். நல்ல உணவு உண்ட எலிகள் அந்த வயது வரை நோயில்லாமல் இருந்ததே அவரது பெருமிதம். சதை வற்றுவது எலிக்கு வெளிப்படையாகத் தெரியத் தொடங்குவதே அந்த வயதுக்குப் பிறகுதான். குன்னூர் எலிகள் வளர்ச்சியைப் பற்றி நிறையச் சொல்லின. கிழட்டுப் பருவத்தைப் பற்றி அவற்றிடம் யாரும் கேட்கவில்லை. அதை 1935இல் கேட்டவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த கிளைவ் மெக்கே. சத்துக் குறையாமல் உணவின் அளவை மட்டும் குறைத்தால் எலி நீண்ட நாள் வாழ்கிறது என்று அவர் காட்டினார். முதுமை ஆய்வு அதன் பிறகு அந்தத் தடத்தில் நெடுந்தூரம் நடந்தது.

குன்னூர் ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. எலிகளும் கூடவே போயின. 1920 வாக்கில் குன்னூருக்கு வந்த விஸ்டார் எலிகளின் சந்ததி அங்கே இன்றும் பெருகிக்கொண்டிருக்கிறது. 1996இல் அந்தக் கூட்டத்தில் தானாகவே பருத்துப்போகும் எலிகள் பிறந்தன. அவற்றுக்குக் கண்புரை முதலிய முதுமைக் குறிகள் சீக்கிரமே வருகின்றன, ஆயுளும் குறைவு. சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் தசை ஏன் வற்றுகிறது என்றும் ஹைதராபாத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். பழுதான புரதத்தை உடைத்து அகற்றும் ஏற்பாடு ஒன்று தசைச் செல்லுக்குள் இருக்கிறது. அது அளவு மீறி வேலை செய்து தசையையே அரிக்கிறது என்பது அங்கே கிடைத்த விடைகளில் ஒன்று. சர்க்கரை நோய் மலிந்த தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் இது நேரடியாகப் பொருந்தும் கேள்வி.

எலியைத் தாண்டி வேறு உயிர்களும் இந்த வேலைக்கு வந்தன. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற புழு மூன்று வாரத்துக்குள் கிழடாகிவிடும். அதன் நரம்புகள் நன்றாக இருக்கும்போதே தசை சிதைகிறது என்று 2002இல் மோனிகா டிரிஸ்கல் குழு கண்டது. உணவின் அளவைக் குறைத்துப் பார்க்க அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1989இல் தொடங்கிய குரங்கு ஆய்வுக்கு ஓர் இந்தியத் தொடர்பு உண்டு: அங்குள்ள ரீசஸ் குரங்குகள் இந்திய வம்சாவளி. போலியோ தடுப்பூசிக் காலத்தில் ஆயிரக்கணக்கில் இங்கிருந்து ஏற்றுமதியான இனம் அது. 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. விஸ்கான்சின் குரங்குகளுக்குப் பதினைந்து வயதையொட்டித் தொடைச் சதை கரையத் தொடங்கியது. அளவோடு உண்ட குரங்குகளிடம் அந்தக் கரைதல் மெதுவாக நடந்தது.

விலங்கில் பலித்ததெல்லாம் மனிதரிடம் பலிக்கவில்லை என்பதையும் இந்த வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. 1997இல் அலெக்சாண்ட்ரா மெக்பெரானும் சே-ஜின் லீயும் மயோஸ்டாட்டின் என்ற மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்குச் சதை இரண்டு மூன்று மடங்கு பருத்தது. அந்தப் பாதையில் உருவான பிமாகிருமாப் என்ற மருந்தை முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சதை கூடியது. ஆனால் நடையிலும் எழுந்து நிற்பதிலும் மருந்து எடுக்காதவர்களைவிட அவர்கள் முன்னேறிவிடவில்லை. 2020இல் வெளியான முடிவு இது. மருந்தில்லாமல் கிடைத்த விடை அதற்கு முப்பது ஆண்டு மூத்தது. பாஸ்டனில் மரியா ஃபியட்டரோன் 1990இல் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது.

கூண்டு எலி எந்த வேலையும் இல்லாமல் தின்று தூங்கிக் கிழடாகிறது. அது நாற்காலியில் வாழ்நாளைக் கழித்தவருக்கு நல்ல மாதிரியாக இருக்கலாம். ஐம்பது ஆண்டு வலை இழுத்து, ஒருநாள் திடீரென்று கரையில் உட்கார்ந்துவிட்ட கைக்கு அது எவ்வளவு பொருந்தும்? இதை மனிதரிடம்தான் அளக்க வேண்டும். 2017-18இல் 45 வயதுக்கு மேற்பட்டோரும் அவர்களின் வாழ்க்கைத் துணைகளுமாக 72,000க்கும் அதிகமானோரைச் சந்தித்த இந்திய முதுமை ஆய்வு, அவர்களின் கைப்பிடி வலுவையும் அளந்தது. புதுச்சேரியும் அதில் இருந்தது. மீனவக் குப்பங்களை மட்டும் தனியாக எடுத்து, தொழில் விட்ட வயதையும் தட்டில் விழும் மீனையும் சேர்த்துக் குறித்துக்கொண்டு அளந்தால் குன்னூரில் விடுபட்ட தட்டின் கணக்கும் வந்து சேரும்.

கணக்குப் போட அடிப்படை தயாராகவே இருக்கிறது. ஹைதராபாத் நிறுவனத்தின் 2020 பரிந்துரை, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013இல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு சொன்னது. 50 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டிக்கு முதல் கணக்கில் சுமார் 42 கிராம், இரண்டாவதில் 50 முதல் 60 கிராம். இடையில் நிற்கும் பாக்கியை 100 கிராம் மத்தி மீனே அடைத்துவிடும். அதில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. அன்னக்கூடை சுமக்கும் அந்த அம்மாவின் தட்டில், விற்றது போக அந்த 100 கிராம் மிஞ்சுகிறதா என்பதைக் குப்பத்தில் வீடு வீடாகப் போய்த்தான் கேட்க வேண்டும்.