சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாயை தத்து எடுக்கணுமா? விண்ணப்பம் போடும் முன் இதை படிங்க!

புதுக்கோட்டை,

காசு கொடுத்து குட்டி வாங்காமல், கைவிடப்பட்டு மீட்கப்பட்ட நாட்டு நாய் ஒன்றை தத்து எடுத்து வளர்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த தகவல்கள் தொகுத்து தரப்படுகின்றன.

"ஒரு நாய்க்கு இத்தனை கேள்வியா? பொண்ணு கேட்டு போன மாதிரி இருக்கு" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் கேள்வி கேட்காமல் தூக்கி கொடுத்த நாய்தான் ஆறே மாதத்தில் மறுபடியும் பைபாஸ் ரோட்டில் நிற்கிறது.

எந்த நாய், எந்த ஊர்?

தமிழ்நாட்டு நாய்களில் 4 இனங்கள் பிரபலமானவை. விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம், சிப்பிப்பாறை, தேனி மாவட்டத்தின் கோம்பை, தென் மாவட்டங்களில் வளர்க்கப்படும் கன்னி. ராஜபாளையம் பால் வெள்ளை, மூக்கு ரோஸ் நிறம். கோம்பை செவலை, மூஞ்சி மட்டும் கருப்பு. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக பார்க்க அண்ணன், தம்பி மாதிரி இருக்கும்.

ராஜபாளையம் நாய்க்கு மத்திய அரசு 2005-ம் ஆண்டு தபால் தலை வெளியிட்டது. 2020-ம் ஆண்டு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகாவின் முதோல் ஆகிய 3 இனங்களும் நாட்டு இனங்களாக அதிகாரப்பூர்வமாக பதிவு செய்யப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரதமர் மோடி வானொலி உரையில் இந்த நாய்களை பற்றி பேசினார்.

பெருமை எல்லாம் சரி. ஆனால் பேச்சு கிளம்பினால் ஆசையும் கிளம்பும். ஜல்லிக்கட்டு போராட்டம் நடந்த 2017-ல் இருந்தே "நாட்டு மாடு, நாட்டு நாய்" என்ற பேச்சு அதிகம். ஆசைக்கு வாங்கி, சமாளிக்க முடியாமல் அவிழ்த்து விடுவதும் இதோடு சேர்ந்தே வருகிறது.

அரசாங்கமே நடத்தினாலும் நாய் வளர்ப்பு லேசுப்பட்ட காரியம் இல்லை. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்பு துறை நடத்திய நாய் இனப்பெருக்க மையத்தில் பராமரிப்பு சரியில்லை என்று வழக்கு போடப்பட்டது. 2016 டிசம்பரில் சென்னை ஐகோர்ட்டு அதை மூட உத்தரவிட்டது.

ஏன் கைவிடுகிறார்கள்?

இவை வேட்டைக்கு பழக்கப்பட்ட சாதி. சிப்பிப்பாறையும் கன்னியும் மோப்பத்தை விட கண்ணைத்தான் அதிகம் நம்பும். தூரத்தில் ஒன்று ஓடினால் போதும், கயிற்றை இழுத்துக்கொண்டு பறந்துவிடும். கூப்பிட்டாலும் காதில் விழாது.

விராலிமலை பக்கம் வீடு இருந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கே மயில் எங்கே பார்த்தாலும் திரியும். மயில் தேசிய பறவை, வன உயிரின சட்டப்படி உச்ச பாதுகாப்பு பெற்றது. உங்க நாய் மயிலை பிடித்தால் வனத்துறை கேள்வி கேட்பது நாயை இல்லை, உங்களைத்தான். நாயை விட்டு முயல் பிடிப்பதும் குற்றமே. வேட்டைக்காக தத்து கேட்பவர்களுக்கு நாயை கொடுக்கவே மாட்டார்கள்.

அடுத்தது ஆடு, கோழி. பக்கத்து வீட்டு கோழி ஒன்று போனால் மன்னிப்பார்கள், மூன்று போனால் பஞ்சாயத்துதான். அதனால் ஏற்கனவே ஆடு, கோழி உள்ள வீட்டோடு பழகிய நாயா என்று கேட்டு எடுப்பது நல்லது.

ராஜபாளையம் கதை வேறு. ஒரே ஒரு ஆளோடு ஒட்டிக்கொள்ளும், வேற்று ஆளை நெருங்க விடாது. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து சில குட்டிகளுக்கு பிறவியிலேயே காது கேட்காமல் இருப்பதும் உண்டு. 'சொன்ன பேச்சு கேக்கல' என்று அடி வாங்கி வீதிக்கு வரும் நாய்களில் சிலவற்றுக்கு உண்மையிலேயே காது கேட்காது. தத்து எடுக்கும் முன் அதன் பின்னால் நின்று கை தட்டி பாருங்க.

விண்ணப்பத்தில் என்ன கேட்பார்கள்?

பெயர், முகவரி, ஆதார் நகல் எல்லா இடத்திலும் உள்ளதுதான். அதற்கு மேல்தான் விஷயமே இருக்கிறது.

சொந்த வீடா, வாடகை வீடா என்பது முதல் கேள்வி. வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்க. வாயால் சொன்ன சம்மதம் முதல் குரைப்போடு போய்விடும்.

சுற்றுச்சுவர் எத்தனை அடி என்று கேட்பார்கள். சிலர் நேரில் வந்தும் பார்ப்பார்கள். சிப்பிப்பாறை இடுப்பு உயர சுவரை விளையாட்டாக தாண்டும். ஆள் உயரத்துக்கு கம்பி வலையாவது போட்டிருந்தால் மதிப்பு கூடும்.

"பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்ற கேள்வியில்தான் நம்ம மாவட்டத்துக்காரர்கள் பலர் மாட்டுவார்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாயில் வேலை. லீவில் வந்த இரண்டு மாதத்தில் நாய் மேல் ஆசை வரும். பிளைட் ஏறிய பிறகு அந்த நாயை பிடிக்க வேண்டியது 65 வயது அம்மா. ராஜபாளையம் ஒரு இழுப்பு இழுத்தால் அந்த அம்மா ஆஸ்பத்திரியில்தான். அதனால் விண்ணப்பத்தை வீட்டில் இருந்து வளர்க்கப் போகிறவர் பெயரிலேயே போடுங்க. குடும்பத்தில் எல்லோருக்கும் சம்மதமா என்றும் கேட்பார்கள். உள்ளதை சொல்லிவிடுங்க.

கருத்தடை செய்ய ஒப்புதல், விற்கவோ வேறு ஆளுக்கு கொடுக்கவோ கூடாது, முடியாவிட்டால் திருப்பி கொண்டு வந்து விட வேண்டும். இந்த மூன்றும் தத்து ஒப்பந்தத்தில் வழக்கமாக இருக்கும். 'இனத்து நாய், ஒரு ஈத்து குட்டி எடுத்துக்கிறேன்' என்று பேரம் பேசினால் விண்ணப்பம் அங்கேயே தள்ளுபடி.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நாய் பந்தயத்துக்கு எதிராக 2018-ல் மக்கள் ஓட்டு போட்டார்கள். 2020 முடிவோடு பந்தயம் நின்றது. ஓடிக்கொண்டிருந்த கிரேஹவுண்டு நாய்களுக்கு இப்படி விண்ணப்பம் வாங்கித்தான் வீடு தேடி கொடுத்தார்கள். நம்ம சிப்பிப்பாறைக்கும் அதற்கும் உடம்பு வாகு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

எங்கே கேட்பது?

அருகில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் டாக்டரிடம் சொல்லி வையுங்க. கைவிடப்பட்ட நாய் பற்றி முதலில் தெரிவது அவருக்குத்தான். மாவட்ட பிராணிகள் வதை தடுப்பு சங்கம், திருச்சி, மதுரையில் உள்ள விலங்கு நல அமைப்புகள், சென்னை கிண்டி புளூ கிராஸ் போன்ற இடங்களிலும் விசாரிக்கலாம். குறிப்பிட்ட இனம்தான் வேண்டும் என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

தெரு நாயை தத்து எடுக்கவும் வழி உண்டு. டெல்லி தெரு நாய்கள் வழக்கில் 22.8.2025 அன்று சுப்ரீம் கோர்ட்டு, விருப்பம் உள்ளவர்கள் மாநகராட்சியிடம் விண்ணப்பித்து நாயை தத்து எடுக்கலாம் என்று கூறியது. எடுத்த நாய் திரும்ப தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்றும் அந்த உத்தரவில் உள்ளது.

'இலவசமா ராஜபாளையம் குட்டி, வண்டி வாடகை மட்டும் முன்பணமா அனுப்புங்க' என்று போனில் கேட்டால் உஷார். நாயை கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீங்க. தடுப்பூசி, கருத்தடை செலவுக்கு காப்பகம் பணம் கேட்பது தப்பில்லை, ஆனால் ரசீது கேட்டு வாங்குங்க.

வீட்டுக்கு வந்த பிறகு...

சாதாரண கழுத்து பெல்ட் சிப்பிப்பாறைக்கு ஆகாது. தலை ஒடுக்கம் என்பதால் பின்னால் ஒரு எட்டு வைத்தால் பெல்ட் கழன்றுவிடும். மார்போடு கட்டும் பெல்ட் வாங்குங்க. முதல் வாரத்தில்தான் நாய் அதிகம் தப்பி ஓடும். புது இடம், பழைய ஆளை தேடும், சாப்பிடாது. முதல் 3 நாள் பயம், 3 வாரத்தில் பழக்கம், 3 மாதத்தில் வீட்டு ஆள் என்று காப்பகங்களில் ஒரு கணக்கு சொல்வார்கள். முதல் நாளே பத்து சொந்தக்காரர்களை கூப்பிட்டு காட்டாதீங்க.

உடம்பில் முடி குறைவு. மார்கழி பனிக்கு சாக்கு விரிப்பாவது போட வேண்டும். வெறும் கேப்பை கூழ், பால் சோறு மட்டும் போதாது. முட்டை, கோழிக்கறி வேண்டும். வெங்காயம், சாக்லேட், திராட்சை கூடாது.

நாய்க்கு வெறிநாய் தடுப்பூசி 3 மாத வயதில் தொடங்கி, டாக்டர் சொல்லும் நாளில் அடுத்தது, பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி இலவச முகாம்கள் நடப்பது வழக்கம். தத்து வந்த நாய் பயத்தில் பல் பட வைத்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு வைக்க வேண்டாம். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு போங்க. ஊசி இலவசம். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு ஆளை காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

முடியவில்லை என்றால் நாயை கொடுத்தவர்களிடமே திருப்பி விடுங்க. ரோட்டில் விடுவது 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்பு சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் வெறும் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய்தான். டீ, வடை காசு! விஷம் வைத்து கொன்றாலோ, ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை ஜெயில் தண்டனை விதிக்க முடியும்.

தத்து ஒப்பந்த நகல், தடுப்பூசி அட்டை, கருத்தடை சான்று ஆகிய மூன்றையும் ரேஷன் கார்டோடு சேர்த்து பத்திரமாக வையுங்க. மாநகராட்சி, நகராட்சி பகுதியில் இருப்பவர்கள் உரிமம் பற்றி அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். கால்நடை அவசர உதவிக்கு கட்டணமில்லா எண் 1962.