பிள்ளை பெற்றவளின் ஓய்வு

பிள்ளை பெற்றவள் களைத்திருப்பாள் என்பதை அறியாதார் எவருமிலர். ஆயினும் அக்களைப்பு எதனால் வருகிறது, எத்தனை நாள் நிற்கும், அதை ஆற்றும் பொறுப்பு யாருடையது என்னும் கேள்விகளுக்கு மக்கட் சமுதாயம் தெளிவான விடை கண்டது அண்மையிலேதான். அவ்விடை வந்த வழியை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம். தோட்டத்திலும் பட்டணத்திலும் உழைத்துண்ணும் நமக்கு இது அயலார் கதையன்று.

பண்டை மக்கள் இதைப்பற்றி ஒன்றும் அறியாதிருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. இந்நாட்டில் நம்மோடு வாழும் மலாய் மக்கள் பிள்ளை பெற்றவளை ஏறக்குறைய நாற்பத்து நான்கு நாள் பந்தாங் காக்கச் செய்கின்றனர். சீனர் ஒரு திங்கள் அவளை வீட்டில் இருத்தி, இஞ்சியும் கோழியும் சமைத்துக் கொடுக்கின்றனர். நம்மவரும் தாய்வீட்டில் வைத்து, சுக்கும் மிளகும் பூண்டும் சேர்ந்த மருந்து கொடுத்துப் பேணுகின்றனர். வெவ்வேறு மொழியும் சமயமும் உடைய மூவினத்தாரும் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தது வியப்பன்று. பேற்றுக்குப் பின் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள கருப்பை, சுருங்கிப் பழைய நிலைக்கு வர ஆறு வாரம் ஆகிறது என்று இன்றைய மருத்துவ நூலாரும் கூறுவர். ஆனால், நம் வழக்கத்தில் நன்மையோடு தீமையும் கலந்திருந்தது. ஓய்வு வேண்டும் என்பதற்குத் தீட்டு என்று பெயரிட்டனர். குருதி இழந்து பாலூட்டும் உடலுக்குத் தண்ணீரும் கீரையும் கனியும் ஆகா என்று விலக்கினர். ஓய்வைக் கொடுத்த கையே உணவைப் பறித்தது.

நிற்க. ஆலைகள் தோன்றியபின் அந்த ஓய்வும் பறிபோயிற்று. வீட்டு வேலையை அக்கம்பக்கத்தார் பகிர்ந்து கொள்ளலாம். ஆலைச் சங்கோ எவருக்காகவும் காத்திராது. ஐரோப்பாவில் இக்கொடுமையைச் சட்டத்தால் தடுக்க முன்வந்த நாடுகளுள் சுவிட்சர்லாந்து முதன்மையானது. 1877ஆம் ஆண்டு அந்நாட்டு ஆலைச் சட்டம், பேற்றுக்கு முன்னும் பின்னுமாக எட்டு வாரம் தாய்மாரை வேலைக்கு வைத்தலாகாது என்று விதித்தது. இங்கிலாந்து 1891இல் பேற்றுக்குப் பின் நான்கு வாரம் என விதித்தது. ஆனால், அந்த நான்கு வாரத்திற்குக் கூலி இல்லை. கூலியில்லா ஓய்வு, பட்டினிக்கு மற்றொரு பெயரேயன்றி வேறென்ன? ஆகவே பசிக்கு அஞ்சிய ஏழைத் தாய்மார் சட்டத்தை மறைத்து வேலைக்குச் செல்ல நேர்ந்தது.

இக்குறையை எடுத்துரைத்தவர்கள் அத்தாய்மார்களே. இங்கிலாந்தின் பெண்கள் கூட்டுறவுச் சங்கம், மார்கரெட் லூவெலின் டேவிஸ் அம்மையாரைச் செயலாளராகக் கொண்டு இதற்கெனப் போராடியது. உழைப்பாளிப் பெண்கள் தம் பேறுகால இடர்களைத் தாமே எழுதிய 160 கடிதங்களை அச்சங்கம் 1915இல் நூலாக வெளியிட்டது. அதற்கு முன்னரே அவர்கள் ஓர் அரிய வெற்றி பெற்றிருந்தனர். 1911ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டம் பிள்ளைப்பேற்றுக்கு 30 ஷில்லிங் உதவித்தொகை வகுத்தது. அப்பணம் மனைவிக்கே உரியது என்று 1913இல் சட்டம் திருத்தப்பட்டது. கணவன் கையில் சேரும் பணம் சாராயக் கடையில் கரைந்தால், தாயின் களைப்பு எவ்வாறு ஆறும்? 1919இல் வாஷிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, பேற்றுக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் உதவித்தொகையுடன் ஓய்வு வேண்டும் என உடன்படிக்கை வகுத்தது.

ஓய்வும் பணமும் மட்டும் போதுமா? பம்பாயில் இதற்கு விடை கிடைத்தது. 1928இல் இந்தியா வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், அந்நகரத்துப் பஞ்சாலைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுஞ்சோகை நோயால் வாடுவதை ஆராய்ந்தார். அவர்தம் எளிய உணவில் ஏதோ ஒரு சத்து குறைகிறது என்று கண்டு, மலிவான ஈஸ்ட் சாறாகிய மார்மைட்டைக் கொடுத்துக் குணப்படுத்தி, 1931இல் அதை வெளியிட்டார். அச்சத்தை 1941இல் பசலைவகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்றனர். தீட்டின் பேரால் நம் பாட்டிமார் விலக்கிய கீரையிலேயே அம்மருந்து இருந்தது! அதே பம்பாயில், 1928இல் சட்டசபையில் டாக்டர் அம்பேத்கர் பிள்ளைப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1929இல் அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்தில் அத்தகைய சட்டம் 1934இல் வந்தது.

இனி மலாயாவுக்கு வருவோம். இங்குப் பெண்களும் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் வாளி சுமந்தனர். 1920களின் இறுதியில் ஆணுக்கு 50 காசு நாட்கூலி வகுக்கப்பட்ட வட்டாரங்களில் பெண்ணுக்கு 40 காசே. மலேரியாவும் கொக்கிப் புழுவும் குருதியை முன்னமே உறிஞ்சியிருக்க, பிள்ளைப்பேறு எஞ்சியதையும் கொண்டுபோயிற்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பிள்ளைப்பேற்று உதவித்தொகைக்கு இடம் செய்தது. ஆயினும் லயத்தில் தாயும் மாமியும் அருகில்லாத பெண், பச்சிளங் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு மீண்டும் மரத்தடிக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஊரில் இருந்த தாய்வீடு கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்கீழ் நெடுங்காலம் 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு, 2023 ஜனவரி முதல் 98 நாளாயிற்று. தந்தைக்கும் 7 நாள் விடுப்பு வந்தது. சிங்கப்பூரில் குடியுரிமை பெறும் குழந்தையின் தாய்க்கு 2008 முதல் 16 வாரம் உண்டு. இவை எவரும் இரங்கி இட்ட பிச்சையல்ல. தாய்மார் கேட்டுப் பெற்ற உரிமை.

எனினும், சட்டம் வாசற்படி வரையில்தான் வரும். வீட்டுக்குள் நடப்பது நம் பொறுப்பு. நீரும் கீரையும் மீனும் முட்டையும் தாய்க்குத் தாராளமாகக் கிடைக்க வேண்டும். இரவில் அழும் குழந்தையைத் தூக்குவது ஆடவர்க்கு இழுக்கன்று. இரு வாரம் கடந்தும் உறக்கமும் ஊக்கமுமின்றிக் கண்ணீர் வடிப்பவளைச் சோம்பேறி என்றோ, பேய் பிடித்தவள் என்றோ பழிப்பது அறிவீனம். அது நோய், மருத்துவத்தால் மாறும். அதைக் கண்டறியப் பத்துக் கேள்விகள் கொண்ட முறையொன்று 1987இல் எடின்பரோவில் வகுக்கப்பட்டு இன்று பல நாடுகளில் வழங்குகிறது.

முன்னோர் தந்த ஓய்வைக் கைக்கொள்வோம்; தீட்டைக் கைவிடுவோம். அவளுக்குரிய பணத்தை அவள் கையிலேயே கொடுப்போம். பிள்ளைக்குப் பெயர் சூட்டும் நாளில் வீடு நிறையக் கூடும் உற்றார், பெற்றவள் அன்று நேரத்தோடு உண்டாளா, உறங்கினாளா என்றும் கேட்பாராக.