விஞ்ஞானக் கண்காட்சியும் ஆசிரியர் கூட்டுறவும்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அப்பாதையில் பல்லாவரத்தை அடுத்து வரும் நிலையத்தின் பெயர் குரோம்பேட்டை. அப்பெயரே ஒரு ரசாயனப் பாடம். குரோமிய உப்பினால் தோல் பதனிட்ட 'குரோம் லெதர்' ஆலை அவ்வூருக்குத் தந்த பெயர் அது. ஆவாரம் பட்டையில் ஊறவைத்து வாரக்கணக்கிற் பதனிட்ட தோலை, குரோமிய முறையால் மிகச் சில நாட்களில் முடிக்கலாயினர். அந்த உப்பு, தோலின் நார்களை ஒன்றோடொன்று இறுகப் பிணைத்துவிடுகிறது. நீரிலும் வெப்பத்திலும் தோல் எளிதிற் கெடுவதில்லை.

இத்தகைய ஊரில் வாழும் மாணவர், விஞ்ஞானக் கண்காட்சி என்றதும் கடையில் வாங்கிய எரிமலை மாதிரியைத் தேடுவானேன்? அவர்களுள் பெரும்பாலோர் அதில் கலந்துகொள்ளவே தயங்குவானேன்? இவ்வினாக்களுக்கு விடை காண, கண்காட்சியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1928ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில், அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் என்னும் சங்கம் சிறுவர்களின் விஞ்ஞானக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. 1950இல் பிலடெல்பியாவில் அந்நாட்டின் முதல் தேசியக் கண்காட்சி கூடிற்று. நம் நாட்டில், 1961இல் நிறுவப்பெற்ற தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, 1971 முதல் மாணவர்க்கான தேசிய விஞ்ஞானக் கண்காட்சியை நடத்தி வருகிறது. 1988 முதல் பல ஆண்டுகள் அது ஜவாஹர்லால் நேருவின் பெயரைத் தாங்கி நின்றது.

மேடை அமைந்தது, ஆனால் மேடை மட்டும் போதுமா? ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியர் தனியே நின்று, பாடமும் நடத்தி, தேர்வுத்தாளும் திருத்தி, எஞ்சிய பொழுதில் கண்காட்சிக்கும் மாணவரை ஆயத்தம் செய்ய வேண்டுமெனில், வகுப்பில் முதல்வரான இருவரையோ மூவரையோ மட்டுமே அவரால் அழைத்துச் செல்ல இயலும். ஏனையோர் பார்வையாளராகவே நின்றுவிடுவர். குறை மாணவரிடத்தும் இல்லை, ஆசிரியரிடத்தும் இல்லை, தனிமையில் இருக்கிறது.

அத்தனிமையை நீக்கியதற்கு ஓர் அரிய சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972ஆம் ஆண்டு, இரண்டு தொண்டு நிறுவனங்கள் 16 நடுநிலைப் பள்ளிகளில் செய்முறை வழியே விஞ்ஞானம் கற்பிக்கத் தொடங்கின. பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் துணை நின்றனர். ஆயினும் அம்முயற்சியின் உயிர்நாடி ஆசிரியர்களின் மாதாந்தரக் கூட்டமே. எந்தச் சோதனை வகுப்பில் தோற்றது, எந்தக் கேள்விக்குத் தம்மால் விடை கூற இயலவில்லை என்பதை அவர்கள் கூச்சமின்றிப் பேசினர். 1978இல் அத்திட்டம் மாவட்டம் முழுவதும் பரவிற்று. 2002இல் மாநில அரசு அதனை நிறுத்திவிட்டது. எனினும் அது கற்பித்த பாடம் நிற்கவில்லை.

நம் மாநிலத்தில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இவ்வழியே சென்றது. 1987 முதல் 'துளிர்' என்னும் சிறுவர் இதழை வெளியிட்டது. 1993இல் நாடு முழுவதும் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழகத்தில் நடத்தும் பொறுப்பையும் அது ஏற்றது. அம்மாநாட்டின் முறை கருதத் தக்கது. 10 முதல் 17 வயதுக்கு உட்பட்டோர் குழுவாகச் சேர்ந்து, தம் ஊரின் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து, தாய்மொழியிலேயே எடுத்துரைக்கலாம். அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் முன்னதாகவே ஒன்றுகூடிப் பயிற்சி பெறுவர்.

இம்முறையைக் குரோம்பேட்டைக்கு ஏற்றிப் பார்ப்போம். தோல் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததும், அவை கழிவைச் சுத்திகரித்தே ஆகவேண்டுமென 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் தமிழகம் அறிந்த செய்திகள். ஒரு மாணவர் குழு தம் தெருக் கிணறுகளின் நீரை ஆராய முற்படுகிறது என்று கொள்வோம். பதனிடப் பயன்படும் குரோமியத்துக்கும் அதனினும் கொடிய மற்றொரு வகைக்கும் உள்ள வேற்றுமையை ரசாயன ஆசிரியர் விளக்குவார். கிணறுகளைப் படத்திற் குறிக்கப் பூகோள ஆசிரியர் துணை செய்வார். அளவுகளை அட்டவணையாக்கக் கணித ஆசிரியரும், அறிக்கையைச் செப்பனிடத் தமிழாசிரியரும் வேண்டும். ஒருவரால் ஆகாதது நால்வரால் எளிதாகும். வரையத் தெரிந்தவன், எழுதத் தெரிந்தவள், தெருவில் அனைவரோடும் பேசத் தெரிந்தவன் ஆகிய எல்லோர்க்கும் அதில் இடம் உண்டு. மாணவர் தொகை பெருகும் வழி இதுவே.

விஞ்ஞானம் வளர்ந்த வழியும் இதுவே. 1863ஆம் ஆண்டு மே மாதம், பல்லாவரத்துச் சரளை மண்ணில் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். சில திங்களில், தம்முடன் பணிபுரிந்த வில்லியம் கிங் என்பவரோடு சென்று, அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என 2011இல் வெளியான ஆய்வு உரைத்தது. அதுவும் பல துறையினர் கூடிச் செய்த ஆய்வே.

கல் பல்லாவரத்தில் எத்தனையோ காலம் கிடந்தது. பலர் அதை மிதித்து நடந்திருப்பர். ஒருவர் குனிந்து எடுத்தார். உங்கள் ஊரிலும் அவ்வாறு காத்துக் கிடக்கும் வினாக்கள் உண்டு. நாளை பள்ளிக்குச் சென்றதும், ஒன்றைத் தேர்ந்து ஓர் ஆசிரியரிடம் கேளுங்கள். பின்னர் அவரையும் அழைத்துக்கொண்டு அடுத்த வகுப்பாசிரியரிடம் செல்லுங்கள்.