ஏறு தழுவுதல்: இலக்கியச் சான்றும் நீதிமன்றத் தீர்ப்பும்

சல்லிக்கட்டு வழக்கில் தமிழிலக்கியம் சான்றாக அழைக்கப்பட்டமை அண்மைக்கால வரலாற்றில் குறிப்பிடத்தக்கதொரு நிகழ்ச்சியாகும். அவ்விளையாட்டினை வேண்டுவோரும் விலக்குவோரும் பழந்தமிழ் மரபையே துணைக்கழைத்தனர். அம்மரபு உள்ளவாறு எடுத்துரைக்கப்பட்டதா என்பதை ஆராய்வதே நம் நோக்கம். விளையாட்டு நடைபெறல் வேண்டுமா, வேண்டாவா என்னும் வினா ஈண்டு ஆராய்தற்குரியதன்று.

முதற்கண் சட்ட வரலாற்றைச் சுருங்க நோக்குவோம். 2009-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சல்லிக்கட்டினை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. 2011-இல் நடுவண் அரசு, காட்சிக்கெனப் பழக்கலாகாத விலங்குகளின் வரிசையில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7-ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சல்லிக்கட்டைத் தடைசெய்து, 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாது என்றது. 2017 சனவரியில் சென்னைக் கடற்கரையிலும் பிறவூர்களிலும் மக்கள் பெருந்திரளாகக் கூடிப் போராடினர். அத்திங்களிலேயே அவசரச் சட்டமும், அதனையடுத்துத் திருத்தச் சட்டமும் தோன்றின. 2023 மே 18-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு அத்திருத்தச் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, தமிழர் மரபில் ஏறு தழுவுதல் என்பது காளையைத் தழுவிக்கொள்ளுதலேயன்றி, மனிதன் தன் வீரங் காட்ட அதனை அடக்குதலன்று எனக் கூறியது. இக்கூற்றுக்கு நூற்சான்று உண்டோ எனின், இல்லை என்றே கூறல் வேண்டும். கலித்தொகையின் முல்லைக்கலி 17 பாடல்களைக் கொண்டது. அதன் தொடக்கத்துப் பாடல்கள் ஏறு தழுவுதலை விரித்துரைக்கின்றன. அவற்றுள் ஏற்றின் கோடு வீரர் உடலைக் கிழிக்கிறது, குருதி பெருகுகிறது, உயிரும் போகிறது. கோட்டுக்கு அஞ்சுவானை ஆயமகள் மறுபிறப்பினும் விரும்பாள் என்பது ஆண்டுக் கூறப்படும் கருத்து. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலும், மகளிர் வளர்த்த ஏறுகளை அடக்குவோர்க்கே அம்மகளிர் உரியர் என்னும் வழக்கம் காணப்படுகிறது. மேலும், உரையாசிரியர்கள் முல்லைக்குரிய பறையை ஏறுகோட்பறை என்பர். ஈண்டுக் கோள் என்பது பற்றிக்கொள்ளுதலாம். ஆகவே, தழுவுதல் என்னும் சொல்லுக்கு இக்காலத்து நாம் கொள்ளும் மென்பொருளைப் பழம்பனுவலில் ஏற்றுதல் பொருந்தாது. எனினும், அத்தீர்ப்பின் அடிப்படை விலங்குறும் துன்பமே. அஃது இச்சொற்பொருளை மட்டும் சார்ந்து நிற்பதன்று என்பதையும் மறத்தலாகாது.

இனி, மறுசாராரின் கூற்றை நோக்குவோம். சங்ககாலத்து ஏறு தழுவுதலே இடையறாது இன்றைய சல்லிக்கட்டாக வந்துள்ளது என்பர் அவர். முல்லைக்கலியில் களம், ஆயர் தம் தொழு, பரிசில், மணம். இன்றைய விளையாட்டிலோ களம், வாடிவாசல், காலம், பொங்கலையொட்டிய விழாநாள்கள், பரிசில், பொருள். பங்கு கொள்வோர் ஆயர் மட்டுமல்லர். சல்லி என்னும் நாணயத்தைக் கொம்பில் கட்டியதனால் வந்த பெயர் என்பதும் இவ்வேறுபாட்டையே காட்டும். ஒற்றுமையும் இல்லாமலில்லை. நீர்த்துறையிலும் மரத்தடியிலும் உறையும் தெய்வங்களை வணங்கிய பின்னரே ஆயர் தொழுவினுள் புகுந்தனர். இன்றும் வழிபாடு முற்பட நிகழ்கிறது. ஆயினும் ஒற்றுமை வேறு, தொடர்ச்சி வேறு.

மொகஞ்சதாரோவில் கிடைத்த முத்திரையொன்றைக் காளை விளையாட்டின் காட்சி என ஐராவதம் மகாதேவன் விளக்கினார். அவ்விளக்கம் கருதத்தக்கதே. ஆனால், சிந்துவெளி நகரங்கள் நலிந்த காலத்திற்கும் கலித்தொகைக்கும் இடையே ஏறத்தாழ 2000 ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்விடைவெளியை நிரப்பும் சான்று காட்டாது, ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததெனத் துணிதல் ஆய்வு நெறியாகாது.

உறுதியாகக் கூறத்தக்கது யாது? சேலம் மாவட்டத்துக் கருமந்துறைப் பகுதி நடுகல்லொன்று, எருது விளையாடி மாண்டான் ஒருவனைக் குறிக்கிறது. நெல்சன் 1868-இல் வெளியிட்ட மதுரை நாட்டு வரலாற்று நூலும் சல்லிக்கட்டினை விளக்குகிறது. எனவே, அவ்விளையாட்டு 150 ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பதில் ஐயமில்லை. இலக்கியத்திற்கும் இச்சான்றுகட்கும் இடைப்பட்ட காலத்தைக் கல்வெட்டு, நடுகல், சிற்றிலக்கியம் ஆகியவற்றைக் கொண்டே ஆராய்தல் வேண்டும்.

2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, சல்லிக்கட்டு ஒரு நூற்றாண்டாயினும் நடைபெற்று வருவது எனக் கொண்டது. அது தமிழ்ப் பண்பாட்டின் இன்றியமையாக் கூறா என்பதை விரிவாக ஆராய்தல் நீதிமன்றத்தின் பணியன்று எனக் கூறிச் சட்டமன்றத்தின் கருத்தை ஏற்றது. திருத்தச் சட்டமோ, மரபையும் பண்பாட்டையும் பின்பற்றி நடத்தப்பெறும் நிகழ்ச்சி என்றே சல்லிக்கட்டினை வரையறுக்கிறது. ஆக, சட்டம் ஒரு வரலாற்றுக் கூற்றின்மேல் நிற்கிறது. அவ்வரலாறோ நீதிமன்றத்தால் முற்ற ஆராயப்பட்டதன்று. அப்பணி தமிழாய்வாளர்பால் உள்ளது. மரபினை மென்மையாக்கி விலக்குதலும், நீட்டி நிறுவுதலும் ஒருபடித்தான பிழைகளே. பனுவல் எம்மட்டும் பேசுகிறதோ அம்மட்டும் பேசுதலே நாம் பனுவலுக்கும் நாட்டுக்கும் செய்யத்தக்க கடமையாகும்.